பத்து நாள்களும் ஒரு விநாடியும்

பிழையைக் கண்டறிவது அறிவு. அதை எந்த அளவில், எந்த வேகத்தில் திருத்துவது என்று தெளிவது விவேகம். காலக்கணக்கின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

ஜூலியஸ் சீசரின் நாள்காட்டி ஆண்டொன்றுக்குச் சுமார் 11 நிமிடம் மிகையாகக் கணக்கிட்டது. 325இல் நிசேயா பொதுச்சங்கம் கூடிய காலத்தில் மார்ச் 21ஐ ஒட்டி வந்த சமஇரவு நாள், பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11ஐ ஒட்டி வரலாயிற்று. பாஸ்கா விழாவின் கணக்கோ அந்நாளைச் சார்ந்தது.

திருத்தத்தை வகுத்த லிலியுஸ் இரு வழிகளைக் காட்டினார். 40 ஆண்டுகளில் பத்து மிகைநாள்களை ஒவ்வொன்றாக விடலாம். அல்லது பத்து நாள்களையும் ஒருசேர நீக்கலாம். திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் இரண்டாவதைத் தேர்ந்தார். 1582இல் அக்டோபர் 4ஐ அடுத்து 15 பிறந்தது. அந்த இரவில்தான் அவிலா புனித தெரேசாள் இறைவனடி சேர்ந்தார். திருத்தத்திற்கும் ஓர் எல்லை இருந்தது: சீசர் காலம்வரை செல்லாமல், நிசேயா காலத்தோடு அது நின்றது. இனிப் பிழை திரளாதிருக்க, 400 ஆண்டுகளில் மூன்று மிகைநாள்களை விடும் விதியும் சேர்ந்தது.

ஆணை கடல் கடந்து வர நாளாகும் என்பதால், தொலைநாடுகள் பின்னர் ஏற்கவும் இடமளிக்கப்பட்டது. கோவாவில் 1583இல் அது நடைமுறைக்கு வந்தது. நம் முத்துக்குளித்துறையிலும் தேதி மாறியது, கடல் மாறவில்லை. வாடை ஓய்ந்து நீர் தெளியும் பருவம் முன்போலவே வந்தது. ஏட்டில் மட்டும் அதன் நாள் பத்து தள்ளி நின்றது.

ஏற்காதோரால் குழப்பம் நீடித்தது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் புதிய கணக்கைப் பின்பற்றினர். சென்னைக் கோட்டை ஆங்கிலேயர் 1752வரை பழையதையே பிடித்திருந்தனர். 1700க்குப் பின் இங்கு 15ஆம் தேதி என்றால் அங்கு 4ஆம் தேதி! சுவீடன் 1700இல் மெதுவான வழியைத் தொடங்கியது. போர்க்காலத்தில் இருமுறை தவறி, எவரோடும் ஒட்டாத கணக்கில் சிக்கியது. 1712இல் பிப்ரவரி 30 என்றொரு நாளைச் சேர்த்துப் பழைய கணக்கிற்கே மீண்டது.

இதே கேள்வி இன்று கணினிகளில் எழுகிறது. துறைமுகக் கணினியின் கடிகாரம் சட்டென்று பின்னோக்கித் தாவினால், கப்பல் வருமுன்பே புறப்பட்டதாகப் பதிவாகிவிடும். கணினிகளின் நேரத்தை ஒன்றாக்க டேவிட் மில்ஸ் என்பவர் 1985இல் என்டிபி என்னும் முறையை வெளியிட்டார். அதன் வழிவந்த பழகிய நிரலொன்று மூன்று எல்லைகளை வைத்துள்ளது. பிழை 0.128 விநாடிக்குள் இருந்தால், விநாடிக்கு அரை மில்லிவிநாடிக்கு மிகாமல் மெல்லச் சரிசெய்யும். அதற்கு மேற்பட்டால் உடனே நம்பிவிடாது. வேறுபாடு சில நிமிடங்கள் நிலைத்த பின்னரே ஒரே தாவலில் திருத்தும். 1000 விநாடியையும் கடந்தால் திருத்த மறுத்து நின்றுவிடும். பொறுப்புள்ள மனிதர் வந்து பார்க்க வேண்டும். இந்த எல்லைகளைத் தேவைக்கேற்ப மாற்றி அமைப்பதும் மனிதர் பொறுப்பே.

சிறுபிழைக்குப் பொறுமை, பெரும்பிழைக்குத் துணிவு, நம்பற்கரிய வேறுபாட்டுக்கு விசாரணை. நாள்காட்டிக்கும் கணினிக்கும் மட்டுமா இம்மூன்றும் வேண்டும்? பிள்ளையையும் சமூகத்தையும் திருத்தப் புகும் நமக்கும் இவை வேண்டுவனவே.