முடி இழந்த சேதுநாடு

பிரான்சில் 1793இல் பதினாறாம் லூயியின் தலை வீழ்ந்து, 1804இல் நெப்போலியன் பேரரசனாக முடிசூடிக்கொண்ட இடைக்காலத்திலேயே, வீரசோழன், திருச்சுழி ஆகிய ஊர்கள் அடங்கிய இராமநாதபுரம் சீமையான சேதுநாட்டிலும் முடியாட்சி முறிந்தது. ஆனால் அதை முறித்தவர்கள் குடிகள் அல்லர். 1795 பிப்ரவரியில் சேதுநாட்டு மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவி நீக்கித் திருச்சிக்கோட்டையில் சிறைவைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. 1799இல் மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் முதுகுளத்தூர், கமுதி வட்டாரக் குடிகள் கிளர்ந்தெழுந்து கம்பெனியின் கச்சேரிகளை, அதாவது அலுவலகங்களைத் தாக்கியபோது, அவர்கள் வேண்டியது குடியரசை அன்று, பழைய சேதுபதியையே. 1801 ஜூனில் திருவரங்கம் கோயில் மதிலில் ஒட்டப்பட்ட, சிவகங்கையின் மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவின் அறிக்கை எல்லாச் சாதியினரையும் போருக்கு அழைத்தது புதுமைதான்; எனினும் அதுவும் பரம்பரை உரிமைகளை மீட்பதாகவே வாக்களித்தது. அக்டோபரில் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1803இல் சேதுநாடு, பேஷ்குஷ் என்னும் ஆண்டுக் கப்பம் கட்டும் ஜமீனாகச் சுருங்கி, சேதுபதியின் சகோதரி மங்களேசுவரி நாச்சியாரிடம் ஒப்படைக்கப்பட்டது.