நெய்வேலித் தண்ணீரும் நீச்சல் பீரியடும்

1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொதுக்குளம் எதிலும் நம் மக்களைத் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். நிறைவேறியது, அரசாணையும் வந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் சாணம், மூத்திரம், பால், தயிர் எல்லாம் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். ஒரு கை தண்ணிக்கே இந்தப் பாடு. முழு உடம்பும் நனைந்தால்?

நீச்சல் என்பது அந்த முழு உடம்புதான். ஆகவே அதை வெறும் விளையாட்டுச் சமாச்சாரமாக விட்டுவிட முடியாது. ஊர்த்தெருப் பிள்ளைக்கு முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, இடுப்பில் கயிறு போட்டு மாமனோ அண்ணனோ கிணற்றில் இறக்கிவிடுவான். நல்ல கல்விதான். ஆனால் கிணறு யாருடையது? எங்க பக்கம் நாங்க பம்புசெட் கிணத்துல குதிச்சா, மேல வந்து பார்க்கும்போது டவுசர் இருக்காது. அம்மணமா வயலோட ஓடியாரணும். மாட்டைக் குளிப்பாட்டினால் தீட்டாகாத தண்ணி அது.

பள்ளிக்கூடமாவது சொல்லிக்கொடுத்ததா? 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் பிறகு படித்துவந்த ட்ரில் மாஸ்டர்கள் நமக்குத் தந்தது விசில், வரிசை, கபடி, வாலிபால். குறை சொல்லவில்லை, அந்த மைதானத்தில் நாமும் ஓடினோம். ஆனால் நீச்சலைப் பள்ளி கிணற்றுக்காரனிடமே விட்டுவிட்டது. நாலாவது அஞ்சாவது படிக்கிற வயசுதான் பயம் தெளிந்து கற்றுக்கொள்கிற வயசு. அந்த வயசில் சேரிப் பிள்ளைக்குக் கிடைத்தது கல்குவாரிக் குட்டையும் மண்ணெடுத்த பள்ளமும்.

ஆஸ்திரேலியாவில் மோரி என்ற ஊர். 1955இல் நகரசபை தீர்மானம் போட்டு ஆதிக்குடிகளை நீச்சல்குளத்திலிருந்து விலக்கியது. பள்ளியோடு வரும் நேரத்தில் மட்டும் கறுப்புப் பிள்ளைகள் இறங்கலாம். பீரியட் முடிந்தால் வெளியே. 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்க்கின்சும் சிட்னி பல்கலைக்கழக மாணவர்களும் பஸ்ஸில் போய், அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளத்து வாசலில் நின்றார்கள். அழுகின தக்காளியும் முட்டையும் பறந்தன. அமெரிக்காவில் ஜாக்சன் நகரம் இதைவிடக் கெட்டி: கறுப்பரோடு சேர்ந்து குளிப்பதைவிடக் குளங்களை மூடுவதே மேல் என்று மூடியது. 1971இல் உச்சநீதிமன்றம் அது சரி என்றது.

நெய்வேலிக்கு வருவோம். 1957 மே 20 அன்று நேரு சுரங்கவேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நீரூற்று நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிய்த்துக்கொள்ளும். ஆகவே ராத்திரி பகலாக மோட்டார் ஓடுகிறது. தண்ணி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போகிறது. நகரியத்தில் வட்டம் வட்டமாக வீடு, மரம், மைதானம். வேலிக்கு வெளியே நிலம் கொடுத்தவன் பிள்ளையும் ஒப்பந்தக் கூலியின் பிள்ளையும். அரசுப் பணத்தில் நடக்கும் கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டம், 15ஆம் பிரிவு. வேலி சாதிப்பெயர் சொல்லித் தடுப்பதில்லை, அடையாள அட்டை கேட்கிறது. இத்தனை தண்ணி இறைக்கிற ஊரைச் சுற்றியுள்ள நடுநிலைப்பள்ளிகளில் இடுப்பளவுத் தொட்டி ஒன்று கட்ட என்ன செலவாகும்?

பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கல்குவாரிக் குட்டையும் இல்லை. 2022 ஜூன் 5 அன்று இதே கடலூர் மாவட்டத்தில், கெடிலம் ஆற்றில் குச்சிப்பாளையம் தடுப்பணை அருகே குளிக்க இறங்கிய ஏழு பேர் மூழ்கிச் செத்தார்கள். ஏழு பேரும் சிறுமிகள், இளம்பெண்கள். அரசு நிவாரணம் அறிவித்தது. பள்ளி திறந்தபோது பி.டி. பீரியடில் பழைய வரிசை, பழைய விசில்தான்.