அமெரிக்கக் குழந்தை உழைப்பு ஒழிப்பு இயக்கம்

பஞ்சாலை, சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை ஆகியவற்றிலிருந்து சிறுவர் சிறுமியரை மீட்க அமெரிக்காவில் நடந்த சீர்திருத்த இயக்கம் இது. 1890களில் வேகம் பெற்று 1938ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரச் சட்டம் வரை நீண்டது.

உள்நாட்டுப் போருக்குப் பின் தொழில்கள் பெருகியபோது, குறைந்த கூலிக்கு அடங்கி வேலை செய்யும் கைகளாகக் குழந்தைகள் கிடைத்தனர். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 15 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 17.5 லட்சம் பேர் வேலை செய்தனர். பெரும்பாலோர் வயல்களில் இருந்தனர். எனினும் நாட்டின் கண் ஆலைகளின் மீதே விழுந்தது. பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில், சரிந்தோடும் கரியின்மேல் குனிந்தமர்ந்து சிறுவர்கள் வெறுங்கையால் கல் பொறுக்கினர். கரித்தூள் நுரையீரலில் படிந்தது. விரல்கள் வெடித்து இரத்தம் கசிந்தது. கரோலினா பஞ்சாலைகளில் சிறுமியர் அறுந்த இழையைப் பிணைத்தனர். எட்டாத உயரத்திலிருந்த நூல் உருளைகளை மாற்றச் சிறுவர்கள் ஓடும் எந்திரத்தின் மீதே ஏறினர்.

இயக்கத்தின் முதல் பெரும் ஆளுமை ஃபுளோரன்ஸ் கெல்லி. சிகாகோவின் ஏழைக் குடியேறிகளிடையே ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில் தங்கி, சுற்றுப்புற வீடுகளிலேயே நடந்த தையல் கூலிவேலையை ஆராய்ந்தார். அதன் பயனாக 1893இல் இல்லினாய் மாநிலம், 14 வயதுக்குட்பட்டோரை உற்பத்தித் தொழிலில் அமர்த்தத் தடை விதித்தது. கெல்லியே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனார். 1903இல் ‘மதர் ஜோன்ஸ்’ என்று தொழிலாளர் அழைத்த மேரி ஹாரிஸ் ஜோன்ஸ், ஆலைச் சிறுவர்களை அழைத்துக்கொண்டு பிலடெல்பியாவிலிருந்து குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் கோடை இல்லம் வரை நடந்தார். ரூஸ்வெல்ட் அவர்களைச் சந்திக்கவில்லை.

1904இல் தேசியக் குழந்தை உழைப்புக் குழு அமைந்தது. அது செய்த மிகச் சிறந்த காரியம், 1908இல் லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியரைப் புகைப்படக்காரராக அமர்த்தியதுதான். முதலாளிகள் உள்ளே விடாத இடங்களில் அவர் பைபிள் விற்பவராகவும் எந்திரங்களைப் படமெடுக்க வந்தவராகவும் நுழைந்தார். தம் கோட்டுப் பொத்தான்களை அளவாகக் கொண்டு குழந்தைகளின் உயரத்தைக் கணித்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டபடியே குறிப்பெழுதினார். அவர் எடுத்த ஏறத்தாழ 5,000 படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. இரக்கம் வேண்டி எந்தக் குழந்தையையும் அவர் அழவைத்துப் படமெடுக்கவில்லை. நேராக நம்மைப் பார்க்கும் அந்த முகங்களே போதுமானவையாக இருந்தன.

1912இல் ஜூலியா லாத்ராப்பின் தலைமையில் கூட்டாட்சி அரசின் குழந்தைகள் பணியகம் தொடங்கியது. 1916இன் கீட்டிங்–ஓவன் சட்டம், 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்திய ஆலைகளின் சரக்கு மாநில எல்லையைத் தாண்டக்கூடாது என்றது. வட கரோலினா பஞ்சாலையில் இரு மகன்களுடன் வேலை பார்த்த ஒரு தந்தையின் பெயரில் அச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர்கள் ஆலை முதலாளிகள். 1918இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் சட்டத்தைச் செல்லாததாக்கியது. குழந்தைகளை அமர்த்திய நிறுவனங்களின் இலாபத்துக்கு 10 விழுக்காடு வரி விதித்த 1919ஆம் ஆண்டுச் சட்டமும் 1922இல் அதே நீதிமன்றத்தில் வீழ்ந்தது. குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் தனக்குத் தர 1924இல் நாடாளுமன்றம் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தத்துக்குத் தேவையான 36 மாநிலங்களில் 28 மட்டுமே இசைந்தன. தம் பிள்ளைகள் சொந்த நிலத்தில் வேலை செய்வதைக்கூட அரசு தடுத்துவிடும் என்ற அச்சம் உழவர்களிடையே பரப்பப்பட்டிருந்தது.

பெருமந்தக் காலத்தில் பெரியவர்களே வேலையின்றி நின்றபோது எதிர்ப்பு தளர்ந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவான வேலைகளுக்கு 16 வயதையும் ஆபத்தான வேலைகளுக்கு 18 வயதையும் கீழ்வரம்பாக்கியது. 1941இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, தன் 1918ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டது.

இயக்கத்தின் பெருங்குறை வேளாண்மை. தென் மாநிலங்களின் ஆலைகள் பெரும்பாலும் வெள்ளையருக்கே வேலை தந்ததால் ஆலைச் சட்டங்கள் காத்ததும் அவர்கள் பிள்ளைகளையே. பருத்திக் காட்டில் குத்தகைக் குடும்பங்களோடு உழைத்த கறுப்பினக் குழந்தைகளுக்கு 1938ஆம் ஆண்டுச் சட்டமும் பெரிதாக எதையும் தரவில்லை. பெற்றோர் இசைந்தால் 12 வயதுக் குழந்தை பள்ளி நேரம் தவிர்த்துப் பண்ணையில் கூலிவேலை செய்யலாம் என்பதே இன்றும் கூட்டாட்சிச் சட்டத்தின் நிலை.