திருச்சிராப்பள்ளி சுற்றுலா

முற்காலச் சோழர்களின் தலைநகரான உறையூர், இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாகும்.

பார்க்க வேண்டிய இடங்கள்

மலைக்கோட்டை: சுமார் 83 மீட்டர் உயரமுள்ள பாறை. உச்சிப்பிள்ளையார் கோயிலை அடைய 400க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். வழியில் தாயுமானவர் கோயிலும் பல்லவர் காலக் குடைவரையும் உள்ளன.

திருவரங்கம்: காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில், ஏழு திருச்சுற்றுகளுடன் அமைந்த வைணவத் தலம். இராஜகோபுரம் 1987இல் நிறைவுற்றது.

திருவெறும்பூர்: தஞ்சாவூர் சாலையில் காட்டூரை அடுத்துள்ளது. சிறு குன்றின் மீது எறும்பீசுவரர் கோயில் உள்ளது.

பயணக் குறிப்புகள்

2025இல் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது. மலைக்கோட்டைக்கு அருகிலுள்ளது சத்திரம் பேருந்து நிலையமாகும்.

கோயில்களில் காலணி அணிய இயலாது; கோடையில் கருங்கல் தளம் வெறுங்காலைச் சுடும். எனவே முதியோரும் குழந்தைகளும் காலையிலேயே மலையேறுதல் நன்று. நண்பகலில் பல கோயில்களில் நடை சாத்தப்படும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசியின்போது திருவரங்கத்தில் பெருங்கூட்டம் கூடும்.