நாடி பிடித்த கதை

போகரின் பெயரைச் சொல்லாமல் பழனியில் மருத்துவத்தைப் பற்றிப் பேச முடியாது. சித்த மருத்துவர் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்தறிந்த அந்த மணிக்கட்டில்தான் இன்று திண்டுக்கல் கடைவீதியில் சிலர் திறன்கடிகாரம் கட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் மினுங்கும் பச்சை ஒளி, தோலுக்குக் கீழே ஓடும் குருதியின் ஏற்ற இறக்கத்தை அளக்கிறது. விரலின் வேலையை ஒளி எடுத்துக்கொண்டது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் நடுவே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு கிடக்கிறது.

ஜாவாத் தீவின் செமராங்கில் 1860ல் பிறந்த டச்சுக்காரர் வில்லெம் ஐந்தோவன். இதயத்தின் மின்துடிப்பைத் துல்லியமாக வரையும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெய்டன் நகரில் அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகால்களை உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வழியில்லை. நோயாளியையும் கொண்டுவர இயலாது. எனவே 1905ல் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே இதயத் துடிப்பைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். ஆபத்தில் இருக்கும் இதயம் தொலைவில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பும் எண்ணம், கைபேசிக் காலத்தில் பிறந்ததன்று. 1924ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்பு அமெரிக்கரான நார்மன் ஹோல்டர், நடமாடும் மனிதனின் துடிப்பை வானொலி அலையில் அனுப்ப முதுகில் சுமந்த பொதி 38 கிலோ. அங்கிருந்து மணிக்கட்டுக்கு வர எழுபது ஆண்டுகள் ஆயின.

2018ல் ஆப்பிள் தன் கடிகாரத்தில் மின்துடிப்பு வரைபடத்தையும், விழுந்தவர் அசையாமல் கிடந்தால் உதவிக்கு அழைக்கும் வசதியையும் சேர்த்தது. வரைபட வசதி இந்தியாவுக்கு 2019ல் வந்தது. 2024ல் கூகுளின் கடிகாரம், நாடியே நின்றுபோவதை உணர்ந்து தானாக அழைக்கும் ஏற்பாட்டை ஐரோப்பிய நாடுகளில் முதலில் தந்தது. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். துடிப்பின் ஒழுங்கின்மை வேறு, இதயம் நின்றுபோதல் வேறு, குருதிக்குழாய் அடைபட்டு நேரும் மாரடைப்பு வேறு. மூன்றாவதைத் தன் கடிகாரத்தால் கண்டறிய இயலாது என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. நம் ஊர்களில் ஆட்களைக் கொண்டுபோவதில் முதன்மையானது அந்த மூன்றாவதுதான்.

நெஞ்சு வலித்தால் ‘வாயு’ என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது நம்மிடம் நெடுங்காலப் பழக்கம். அதில் இழக்கும் மணித்துளிகளை எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாது. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் ஓடத் தொடங்கியது 2008ல். அதன் பிறகே, 2012 முதல் 2014 வரை தமிழகத்தில் 2,420 மாரடைப்பு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிறிய மருத்துவமனையில் எடுத்த வரைபடம் பெரிய மருத்துவமனைக்குப் போகும், கட்டியைக் கரைக்கும் மருந்து அங்கேயே ஏறும், பிறகுதான் பயணம். ஐந்தோவனின் கம்பியே வேறு உருவில் திரும்பி வந்ததென்று எனக்குத் தோன்றுகிறது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். கடிகார விளம்பரங்களைவிட இந்த எண்கள் எனக்கு முக்கியமானவை. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2023ல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் வழியே ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் வேளை கிடைக்கத் தொடங்கியது.

கடிகாரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தனியே வாழும் முதியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் மகளுக்குச் செய்தி போவது பெரிய காரியம். ஆனால் பெரும்பாலான கடிகாரங்களுக்குச் சொந்தமாகச் சிம் இணைப்பு இல்லை. கைபேசி பக்கத்தில் இருந்தால்தான் அழைக்க முடியும். வேடசந்தூர்ப் பக்கம் கைபேசியை மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டு வாய்க்கால் திருப்பப் போகிற விவசாயி, நாலு வயல் தாண்டியதும் அந்தத் தொடர்பெல்லைக்கு வெளியே போய்விடுகிறார்.