இசை நாடகத்தின் வாடகைத் திரைகள்

காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூர் உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களில் கோயில் திருவிழா நாடகம் என்றால் பெரும்பாலும் இசை நாடகம்தான். ஸ்பெஷல் நாடகம் என்றும் இதனைச் சொல்வர். இதற்கு நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகையின்றி அன்றிரவே மேடையேறுவர். காட்சித் திரைகளும் இப்படித்தான் வாடகைக்கு வந்து, விடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

தெருக்கூத்தில் இருவர் பிடிக்கும் ஒற்றைத் துணியே திரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் வருகையோடு வண்ணம் தீட்டிய படுதாக்கள் தமிழ் மேடைக்கு வந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகக் கம்பெனிகள் அவற்றைச் சொந்தமாக வைத்து ஊர் ஊராகச் சுமந்தன. கம்பெனிகள் மறைந்த பிறகும் அவருடைய நாடகங்கள் ஸ்பெஷல் நாடகமாக நிலைத்தன.

இன்ன நாடகத்துக்கு இன்ன திரை என்ற கட்டாயம் இங்கு இல்லை. அரண்மனை, தெரு, வீடு, தோட்டம், காடு என்று சில பொதுக் காட்சிகள் போதும். 'வள்ளி திருமண'த்தில் தினைப்புனத்துக்குப் பின்னால் தொங்கும் காடு, மறுநாள் அரிச்சந்திரன் குடும்பத்தோடு அலையும் காடாகிவிடும். இடத்தைப் பாட்டும் வசனமும் சொல்லிவிடுவதால் பார்ப்பவர் யாரும் குறை சொல்வதில்லை. இதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. ஒத்திகையில்லாத நாடகத்துக்குப் பொதுத் திரையைத் தவிர வேறெதுவும் பொருந்தாது.

பருத்தித் துணியில், பசையில் குழைத்த தூள் வண்ணத்தால் இத்திரைகளை எழுதினர். சுருட்டிச் சுருட்டி விரிப்பதில் வண்ணம் வெடிக்கும். மழை பட்டால் கரையும். ஆனால் அதே துணியின்மேல் மீண்டும் எழுதலாம். நாட்காட்டி ஓவியங்களால் புகழ்பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) அவ்வூருக்கு வந்ததே ஒரு நாடகக் குழுவின் திரை ஓவியராகத்தான்.

நவாப் ராஜமாணிக்கம், ஆர். எஸ். மனோகர் ஆகியோரின் பிரம்மாண்ட அரங்கங்களை இதற்கு நேர் எதிராகக் காட்டுவதுண்டு. அது முழுவதும் சரியன்று. அவர்கள் ஒரே நாடகத்தைப் பல ஆண்டுகள் நடத்தியதால் அரங்கப் பொருள்களும் பல ஆண்டுகள் உழைத்தன. சில நாள் காட்சிக்காகச் செய்து, பிறகு உடைத்துக் குப்பையில் போடும் அரங்கமே உண்மையான வீண். மேலைநாட்டு ஓபரா, நாடக அரங்குகள் இன்று கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பிரிட்டனில் 2021இல் வெளியான 'தியேட்டர் கிரீன் புக்' வழிகாட்டி, தயாரிப்புப் பொருள்களில் பாதியாவது முன்பே பயன்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதைத் தொடக்க இலக்காக வைத்தது. வாடகைத் திரையில் நடக்கும் இசை நாடகம் அந்த இலக்கை எப்போதோ தாண்டிவிட்டது.

இப்போது விழா மேடைகளின் பின்னணியில் கணினியில் அச்சிட்ட ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. விலை குறைவு, ஒரே நாளில் கிடைக்கும், மழைக்கும் தாங்கும். ஆனால் அது பிவிசி பிளாஸ்டிக். சாயம் வெளுத்தால் அதன்மேல் மறுபடி எழுத முடியாது. தேர்த் தேதியும் நன்கொடையாளர் பெயரும் அச்சாகியிருந்தால் அடுத்த ஊர் மேடைக்கும் ஆகாது. வைக்கோல் போருக்கு மூடாக்காகவோ குடிசைக் கூரையின்மேலோ சில காலம் கிடந்து, பிறகு நைந்து கிழிந்து குப்பையில் சேர்கிறது.