விரியாத பாயும் ஆடும் தகடும்

விண்வெளி வரலாற்றை நாம் பெரும்பாலும் ஏவுதல்களின் வரலாறாகவே எழுதிவருகிறோம். ஏவுகலம் எழும்பிய நாள் நினைவில் நிற்கிறது. அதன்பின் கலம் தன் முகத்தைச் சரியான திசையில் நிலைநிறுத்தப் பட்ட பாடு மறந்துபோகிறது. இந்த இரண்டாவது வரலாறே நமக்கு அதிகம் கற்பிக்கிறது என்று எண்ணுகிறோம்.

சுழலும் திடப்பொருளின் இயக்கச் சமன்பாடுகளை ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தந்துவிட்டார். 1958-இல் அமெரிக்கா ஏவிய எக்ஸ்ப்ளோரர்-1, நீளவாக்கிலான தன் அச்சில் பம்பரம்போலச் சுழலும் என்று நம்பப்பட்டது. விரைவிலேயே அது குட்டிக்கரணம் அடிக்கத் தொடங்கியது. உடலிலிருந்து நீண்ட நான்கு மெல்லிய ஆன்டெனாக்களே காரணம். அவை வளைந்து நெளிகையில் சுழற்சியின் ஆற்றல் சிறிது சிறிதாக வெப்பமாகக் கரைய, கலம் ஆகக் குறைந்த ஆற்றலில் நிகழும் சுழற்சிக்கு மாறிவிட்டது.

1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ஏவுகலத்தில் சென்ற ஆரியபட்டாவுக்கு இத்தொல்லை அதிகமில்லை. 360 கிலோ எடை, 26 முகங்கள். சூரிய மின்கலங்கள் உடலின்மீதே பதிக்கப்பட்டிருந்தன. தொலைத்தொடர்புக்கும் வானிலைக்கும் ஒருசேரப் பயன்படவேண்டிய இன்சாட்-1 வரிசைக்கு அவ்வமைப்பு போதவில்லை. வானிலைக் கருவி குளிர்ந்திருக்க ஒரு பக்கம் மறைப்பின்றி இருக்கவேண்டும். ஆகவே மின்தகடுகள் எதிர்ப்பக்கத்தில் மட்டுமே நீட்டப்பட்டன. சூரிய ஒளியின் அழுத்தம் மிகச் சிறிது. ஆயினும் ஒருபக்கத் தகட்டின்மீது ஓயாமல் விழுந்தால் அது கலத்தையே திருப்பிவிடும். அதைச் சமன்செய்ய மறுபக்கத்தில் நீண்ட கம்பம் ஒன்றின் நுனியில் சூரியப் பாய் வைக்கப்பட்டது.

1982 ஏப்ரல் 10 அன்று சென்ற இன்சாட்-1ஏ-வில் அந்தப் பாய் விரியவே இல்லை. நிலையைத் திருத்தும் எரிபொருள் தீர்ந்து, செப்டம்பர் 6-இல் கலம் கைவிடப்பட்டது. 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்ணோடத்தில் சென்ற இன்சாட்-1பி-யின் மின்தகடும் எளிதில் விரியவில்லை. பல நாள் முயற்சிக்குப் பின்னரே அது முழுமையாகத் திறந்தது.

விரிந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. வடமதுரைப் பக்கத்து முருங்கைத் தோட்டங்களில், காற்று நின்றபின்னும் நீண்ட கிளை சிறிது நேரம் ஆடுவதைக் காணலாம். அதை விரைவில் அடக்குவது சுற்றியுள்ள காற்று. விண்வெளியில் அந்த உதவியும் இல்லை. மேலும், நீண்ட தகடொன்றுக்கு அதிர்வு முறைகள் எண்ணற்றவை. கணித மாதிரியில் சிலவற்றை மட்டுமே வைத்து ஏனையவற்றை விட்டுவிடுகிறார்கள். கட்டுப்பாட்டு விசையின் தாளம், விடப்பட்ட ஒன்றோடு இசைந்துவிட்டால், அடக்க வந்த விசையே ஆட்டத்தை வளர்க்கும். அதனால்தான் கட்டுப்பாட்டின் வேகத்தைப் பொதுவாகத் தகட்டின் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும் வெகு கீழே வைக்கிறார்கள். அதிர்வு கட்டளையால் மட்டும் வருவதுமில்லை. 1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி பூமியின் நிழலுக்குள் நுழையும்போதும் வெளிவரும்போதும், வெப்ப மாற்றத்தால் அதன் தகடுகள் துடித்தன. 1993 டிசம்பரில் அவற்றை மாற்றவேண்டியதாயிற்று.

இன்சாட்-1 வரிசை அமெரிக்க நிறுவனத்தால் கட்டப்பட்டது. அடுத்த வரிசையை இந்தியப் பொறியாளர்கள் பெங்களூரில் தாமே கட்டினர். தோற்ற அமைப்பைக் கைவிடுவது எளிதாக இருந்திருக்கும். அவர்கள் அதைக் கைவிடவில்லை. 1992 ஜூலையில் சென்ற இன்சாட்-2ஏ-விலும் அதே ஒருபக்கத் தகடு, அதே கம்பம், அதே பாய். இம்முறை அவை விரிந்தன.